சம்மட்டியும் இடக்கையனும் மோதினால்

மகள், போன ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் வைத்து நீ ஒரு கேள்வி கேட்டாய். "அப்பா, மாமாவுக்குச் சுகமில்லைதானே? பிறகேன் அவரோட அப்பிடிக் கத்திச் சண்டை பிடிக்கிறீங்கள்?" தம்பி உன் தோளில் சாய்ந்து நித்திரை. பஸ்காரன் போட்டிருந்த பாட்டுச் சத்தத்துக்கு மேலாகப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன் என்றேன். வீட்டிலும் சொல்லவில்லை. ஒரு விஷயத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒழுங்காகச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. நடுவில் வேறெங்கோ போய்விடுவேன். எழுதினால் நின்று நின்று யோசிக்கலாம். அதனால்தான் உங்கள் இருவருக்கும் எழுதுகிறேன். ஓ.எல். பரீட்சை வரைக்கும் படித்தவனின் தமிழ் இது. பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

முதலில், அது என்ன சண்டை என்று சொல்ல வேண்டும்.

உங்கள் மாமா என் அக்காவைக் கட்டியவர், எனக்கு அத்தான். அவருக்கும் எனக்கும் குத்துச்சண்டைப் பைத்தியம். அதிலும் பாரம் கூடினவர்களின் சண்டைதான். ஒரு குத்து சரியாகப் பட்டால் ஆள் சரிந்து கதை முடிகிற அந்தப் பெரிய உடம்புக்காரர்கள். சண்டைகள் எங்கோ வெளிநாட்டில் நடக்கும். எங்களுக்கு ஞாயிறு காலையில் போனில் துண்டு துண்டாக வந்து சேரும். அதைப் பார்ப்பது ஒரு சந்தோஷம். ஆனால் பெரிய சந்தோஷம் நடக்காத சண்டைகளில்தான் இருந்தது. இன்றைக்கு உலகத்தில் பெரிய ஆட்கள் என்று பெயரெடுத்த சிலர் இருக்கிறார்கள். அவர்களில் பலர் ஒருவரோடொருவர் மோதியதே இல்லை. ஒருவனுடைய ஆட்கள் ஒன்று சொல்ல, மற்றவனுடைய ஆட்கள் வேறொன்று சொல்ல, பேச்சுவார்த்தை இழுபட்டு இழுபட்டுக் கடைசியில் வயதும் போய்விடும். அப்படி நடக்காமல் போன சண்டைகளை நாங்கள் கொட்டாஞ்சேனையில், அத்தான் வீட்டு முன் அறையில், நடத்தி முடித்தோம்.

அவர்களின் உண்மைப் பெயர்களை நாங்கள் சொல்வதில்லை. பாதிப் பெயர்கள் எங்கள் நாக்கில் ஏறாது. அத்தானுடைய ஆள் இடக்கையன். மற்றவர்களோடு நிற்கும்போது சின்ன உடம்பு. ஆனால் கால் ஓரிடத்தில் நிற்காது, மூளையும் நிற்காது. என்னுடைய ஆள் சம்மட்டி. மெல்லிய கால், நீண்ட கை, ஆட்டம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வலது கை ஒருமுறை வந்து விழுந்தால், எதிரே நின்றவன் எழும்பி வீட்டு விலாசத்தை யோசிக்க வேண்டும். இந்த இருவரும் மேடையில் ஒருநாளும் சந்திக்கவில்லை. ஆகவே எங்களுக்கு வருஷக்கணக்காக வேலை இருந்தது.

நடுவர், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணர். அடுத்த ஒழுங்கையில் சாவி வெட்டும் கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். அத்தானோடு சின்ன வயதிலிருந்து ஒன்றாகத் திரிந்தவர். அவருக்கும் ஒரு ஆளில் விருப்பம் உண்டு, நெட்டையன் என்று ஒருவன். ஆனால் நடுவருக்கு ஆள் இருக்கக் கூடாது என்பது அத்தானின் சட்டம்.

சட்டங்கள் எல்லாம் அத்தான் போட்டவைதான். ஒரு ரவுண்டில் அவர் தன் ஆள் என்ன செய்கிறான் என்று சொல்லுவார், நான் என் ஆள் என்ன செய்கிறான் என்று சொல்லுவேன். குத்து விட்டவன் "பட்டது" என்று சொல்லக் கூடாது. அதை வாங்கியவன்தான் சொல்ல வேண்டும், பட்டதா படவில்லையா என்று. படவில்லை என்றால் ஏன் என்று காரணம் காட்ட வேண்டும். தலையை விலத்தினானா, கையால் தடுத்தானா, பின்னால் போனானா. காரணம் இல்லாமல் மறுத்தால் நானா அந்த ரவுண்டை மற்றவருக்குக் கொடுத்துவிடுவார். உலகத்தில் வேறெங்கேயாவது இப்படி வாயால் குத்துச்சண்டை போடுகிறார்களோ எனக்குத் தெரியாது. எங்களுக்கு இது ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்குவதைப்போல ஒரு வழக்கம்.

மீன் என்றதும் ஞாபகம் வருகிறது. அந்த நாட்களில் விடிய வெள்ளன நானும் பஸ் ஏறி வந்து, அத்தான் ஓட்டும் த்ரீவீல் ஆட்டோவில் பேலியகொடை மீன் சந்தைக்குப் போவோம். அங்கே அத்தானின் வாயைப் பார்க்க வேண்டும். மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, "மல்லி, மேக்க ஈயே மாளு நே?" என்பார் சிங்களத்தில், தம்பி இது நேற்றைய மீன்தானே என்று. அந்தப் பொடியன் கோபப்பட்டு ஏதோ சொல்ல, இவர் திருப்பிச் சொல்ல, சுற்றி நின்றவர்கள் சிரிக்க, கடைசியில் நல்ல பாரை மீன் ஒன்று எங்கள் பையில் இருக்கும், அந்தப் பொடியனும் இவரைத் தோளில் தட்டி வழியனுப்புவான். அத்தான் வாயால் பிழைத்த மனிதர். த்ரீவீலில் ஏறியவர்கள் இறங்கவேண்டிய இடம் வந்த பிறகும் இறங்காமல் இருந்து அவரோடு கதைத்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அக்கா மீனை வெட்ட, நாங்கள் முன் அறையில் மோதுவோம்.

"என்ர ஆள் வலது காலை உன்ர ஆளின்ர இடது காலுக்கு வெளியால வைக்கிறான், மச்சான். இப்ப சொல்லு. உன்ர சம்மட்டி எப்பிடி அடிக்கப் போறான்? கை வளையுமோ?"

"அவன் அடிக்கத் தேவையில்லை அத்தான். உங்கட ஆள் ஒருக்கா நேரா வந்தாக் காணும்."

"ஏன் வாறான்? அவனுக்கு விசரோ?"

"எவ்வளவு நேரமெண்டு சுத்துவான்? களைக்காதோ?"

"களைக்கிறது நீ. அவன் இல்லை."

அப்போது அக்கா குசினிக்குள்ளிருந்து சத்தம் போடுவாள். "ரெண்டு பேர் முகத்தைப் பேத்துக்கொள்ளுறதில என்ன சந்தோஷமோ! வெங்காயத்தை உரிச்சாலும் ஒரு புண்ணியம்." நாங்கள் காதில் போட்டுக்கொள்ள மாட்டோம். அவளும் எங்கள் கதையைக் காதில் போட்டுக்கொள்வதில்லை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

பிறகு அத்தானுக்குப் பக்கவாத வருத்தம் வந்தது. மூளைக்குப் போகும் இரத்தம் அடைபட்டு வலது பக்கம் விழுந்துவிட்டது. பெரியாஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றித் தந்தார்கள். கால் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. கை வர நாளாகும் என்றார்கள். போனது பேச்சு. ஆட்களைத் தெரியும், நாங்கள் சொல்வதெல்லாம் விளங்கும், ஆனால் சொல்ல வரும் சொல் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். தண்ணீர் என்று சொல்ல நினைத்து, உதடு பல விதமாக வளைந்து, கடைசியில் காற்றுத்தான் வரும். அவருடைய கண்ணைப் பார்க்க முடியாது.

பேச்சுப் பயிற்சி சொல்லித் தரும் மிஸ் ஒருவர் அக்காவிடம் சொன்னாராம். இந்த முதல் மாதங்கள்தான் முக்கியம். அவருக்கு விருப்பமானதைப் பற்றி நிறையக் கதையுங்கோ. அவர் கதைக்க முயற்சி செய்வதை மட்டும் விட்டுவிடக் கூடாது, விட்டால் பிறகு மீட்பது கஷ்டம்.

விருப்பமானது என்ன என்று எங்களுக்குத் தெரியும்தானே. அவர் வீட்டுக்கு வந்ததும் நானும் நானாவும் தெம்பிலி இளநீரும் திராட்சைப் பழமும் வாங்கிக்கொண்டு போய் அத்தானின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தோம். "அத்தான், இடக்கையனும் சம்மட்டியும். முதலாம் ரவுண்ட். உங்கட ஆள் என்ன செய்யிறான்?"

அவருக்கு முகம் மலர்ந்தது. வாயைத் திறந்து மூடி, திறந்து மூடி, மிகவும் பாடுபட்டு, "இ... இட... இடது" என்றார்.

அது போதும் எனக்கு. "பட்டது அத்தான்! நல்லாப் பட்டது! சம்மட்டி ஆடிப் போனான்!" என்று கத்தினேன். நானாவும் எழும்பி நின்று அத்தானைக் காட்டி, "ரவுண்ட் மச்சானுக்கு! செல்ல வேலையில்ல!" என்றார், சொல்லவே தேவையில்லை என்று. அத்தான் ஒரு பக்கத்தால் சிரித்தார். எங்களுக்கு மனம் நிறைந்துவிட்டது.

அடுத்த ஞாயிறும் அப்படித்தான். அதற்கடுத்ததும். அவர் "இடது" என்றால் நான் விழுந்துவிடுவேன். அவர் "ம்" என்றாலும் விழுந்துவிடுவேன். நானா எல்லா ரவுண்டையும் அவருக்கே கொடுத்தார். ஒருநாள் நானா பகிடியாக, "இப்ப நீங்களும் இடக்கையன் தானே மச்சான், ஒங்கள வெல்ல ஏலுமா?" என்றார். அத்தான் சிரிக்கவில்லை. தன் மடியில் கிடந்த வலது கையைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார். களைப்பு என்று நினைத்தோம். சுகமில்லாத மனிதரோடு யார் மல்லுக்கு நிற்பார்கள்? அவர் வாயிலிருந்து ஒரு சொல் வருவதே பெரிய காரியம், அதற்கு மேலே காரணமும் கேட்பதா?

அதன் பிறகு அவர் சொல்வது குறைந்துகொண்டே போனது. நான் முதலாம் ரவுண்ட் என்று தொடங்கினால் கண்ணை மூடிக்கொள்வார். ஒருநாள் புறப்படும்போது அக்கா படிக்கட்டு வரைக்கும் வந்தாள். "தம்பி, இவர் வாயைத் திறக்கிறாரில்லை. தண்ணி வேணுமெண்டாலும் கையைத்தான் காட்டுறார். மிஸ் வந்தாலும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிறார். மனம் விட்டிட்டார் போல கிடக்கு." அக்கா அழவில்லை. படிக்கட்டின் கைபிடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே நின்றாள். வெள்ளவத்தைக்கு வரும்வரை எனக்கு அந்தக் கைபிடிதான் கண்ணில் நின்றது.

அடுத்த ஞாயிறு நானே தனியாகப் பேலியகொடைக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு போனேன். என் வாய்க்கு நல்ல மீன் அகப்படவில்லை என்பது வேறு கதை. அக்கா குசினியில் வெட்டத் தொடங்கினாள். நானா வந்தார். நான் போனில் ஒரு துண்டுச் சண்டையை அத்தானுக்குக் காட்டினேன், நெட்டையன் யாரோ ஒருவனின் கழுத்தில் பாரத்தைப் போட்டுச் சாய்ந்து நிற்பதை. அத்தான் பார்த்தார். ஏதோ ஒன்று அவருக்குள் அசைந்ததைக் கண்டு, "அத்தான், ஒரேயொரு ரவுண்ட்" என்று கெஞ்சினேன்.

நெடுநேரம் கழித்து, "இ... டது" என்றார்.

"பட்டது!" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். மகள், அந்தப் பார்வையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கோபம் இல்லை. என்னை விட்டு விலகிப் போகும் ஒருவரின் பார்வை. தலையணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"படேல்ல."

சத்தம் குசினியிலிருந்து வந்தது. அக்கா வாசலில் வந்து நின்றாள். ஒரு கையில் கத்தி, மற்றக் கை முழங்கை வரைக்கும் மீன் செதில்.

"என்ன பட்டது? இவர் இடது எண்டு மட்டும்தானே சொன்னவர்? கால் எங்க நிண்டது? சம்மட்டியின்ர வலது கை எங்க இருந்தது? நிண்ட இடத்தில நிண்டுகொண்டு கையை நீட்டினாப் பட்டிடுமோ?"

"அக்கா, விடு" என்றேன் மெதுவாக.

"நீ பேசாம இரு. இனி சம்மட்டி என்ர ஆள்." கட்டிலுக்குக் கிட்ட வந்தாள். "இஞ்சேருங்கோ, இஞ்சால திரும்புங்கோ. உங்கட இடது எனக்குப் படேல்ல. நான் தலையை விலத்திட்டன். இப்ப உங்கட ஆளின்ர வயித்தில வலது கையால ஒண்டு விடுறன். அவனுக்கு வயிறு ஏலாதெண்டு ஊருக்கே தெரியும். பட்டதோ, படேல்லையோ?"

நானாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். இத்தனை வருஷமாக வெங்காயம் உரிக்கச் சொல்லிக் கத்தியவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

அத்தான் திரும்பினார். கழுத்தில் நரம்பு புடைத்தது. உதடு துடித்தது. நானா பொறுக்காமல், "படல்லன்டு செல்றாரு தங்கச்சி" என்று தொடங்க, அக்கா அவரைப் பார்த்துக் கத்தியைத் தூக்கினாள். "நானா, அவர் சொல்லட்டும்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஒழுங்கையில் மரக்கறிக்காரன் கத்திக்கொண்டு வந்து கடந்தும் போய்விட்டான். நாங்கள் இருந்தோம்.

"ப... ப... படேல்ல."

"ஏன் படேல்ல? காரணம் சொல்லுங்கோ. இல்லாட்டி ரவுண்ட் எனக்கு."

"கா... கால்."

"காலுக்கு என்ன?"

சுகமாக இருந்த கையால் கட்டில் விரிப்பில் ஒரு கோடு போட்டார். அதற்கு வெளியே விரலைக் குத்தி வைத்தார். "வெ... வெளியால. கால்... வெளியால. கை... எட்டாது."

வருத்தம் வந்த பிறகு அவர் சொற்களைக் கோத்துச் சொன்னதை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். நான் எழும்பிக் கைதட்டியிருப்பேன். ஆனால் அக்கா விடுகிற ஆளில்லை.

"எட்டாதோ? சம்மட்டிக்கு உங்கட ஆளை விட எவ்வளவு நீட்டுக் கை!"

"நீட்டு... நேர. நேர மட்டும்." மூச்சு வாங்கினார். "சுத்தி... இல்லை."

"அவன் ஒரு அடி பின்னால வைச்சிட்டு அடிச்சா?"

அத்தான் வாயைத் திறந்தார். யோசித்தார். விரலைக் கோட்டுக்குப் பின்னால் வைத்துப் பார்த்தார், காரணம் அகப்படவில்லை. உண்மையில் அது நல்ல கேள்வி. இத்தனை வருஷத்தில் எனக்கு அது தோன்றவில்லை என்பதில் எனக்கு இன்றும் வெட்கம்.

எல்லோரும் நானாவைப் பார்த்தோம். நானாவுக்கு வேர்த்துவிட்டது. நாற்பது வருஷச் சினேகிதன் கட்டிலில் கிடக்கிறான். ஆனால் அத்தான் அவரைப் பார்த்த விதம், பொய் சொன்னால் இனி இந்த வீட்டுக்கு வராதே என்பதைப்போல இருந்தது. நானா தொண்டையைச் செருமினார்.

"ரவுண்ட் தங்கச்சிக்கு."

அத்தானின் முகம் சிவந்தது. நெற்றி சுருங்கியது. ஏதோ பெரிதாக வருகிறது என்று தெரிந்தது. அது தொண்டையில் சிக்கியது, திரும்பிப் போனது, மறுபடி வந்தது.

"நா... நானா. கண்... கண் டொக்டர். காட்டு."

ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும் நானா சிரித்த சிரிப்பில் மேசையிலிருந்த தெம்பிலி உருண்டு விழுந்தது. "கேட்டீங்களா? என்னய கண் டொக்டர்கிட்ட போகச் செல்றாரு! அல்லாஹ், இந்த மனிசன் திரும்பி வந்துட்டான்!" அத்தானும் சிரித்தார். வாய் ஒரு பக்கம்தான் போனது, ஆனால் வயிறு குலுங்கியது.

அக்கா குசினிக்குப் போய்விட்டாள். தண்ணீர்க் குழாயைத் திறந்த சத்தம் கேட்டது. அது வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது, ஆனால் மீன் கழுவுகிற சத்தம் கேட்கவில்லை. நான் போய்ப் பார்க்கவில்லை.

இப்படித்தான் நாங்கள் மீண்டும் தொடங்கினோம். அக்கா சம்மட்டியை எனக்குத் திருப்பித் தந்துவிட்டாள், ஒரு எச்சரிக்கையோடு. "சும்மா விழுந்தியெண்டா உனக்குச் சோறு இல்லை." எனக்கு அது சுலபமாக இருக்கவில்லை, மகள். ஒரு சொல்லுக்காக அவர் தவிக்கும்போது அந்தச் சொல் என் நாக்கின் நுனியில் நிற்கும். அதை எடுத்துக் கொடுக்கக் கூடாது. காத்திருக்க வேண்டும், காத்திருந்து அது வந்ததும் உடனே மறுத்துப் பேச வேண்டும். முதல் நாட்களில் நான் மெதுவான குரலில்தான் மறுத்தேன். அத்தான் கையைத் தூக்கி நிறுத்தினார். "ஏன்... மெ... மெதுவா? இது... செத்த வீடோ?" அன்றிலிருந்துதான் இந்தக் கத்தல்.

அவருடைய பேச்சு இன்னும் நொண்டி நொண்டித்தான் வருகிறது. சில நாள் வரவே வராது. த்ரீவீல் ஓட்ட இனி ஏலுமோ தெரியாது. மிஸ் வந்தால் இப்போது சுவர்ப் பக்கம் திரும்புவதில்லை. அந்த மிஸ்ஸுக்கும் நெட்டையனைப் பற்றி விளங்கப்படுத்தப் பார்க்கிறாராம்.

நீ பார்த்த அந்த ஞாயிறு, ஐந்தாம் ரவுண்டில் நான் அவரை நியாயமாகவே வென்றேன். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதையும், என்னோடு இருந்து சாப்பிட மறுத்ததையும் நீ கண்டாய். வீட்டுக்கு வந்தும் எனக்குப் பயம்தான், மெத்தக் கடுமையாகப் போய்விட்டேனோ என்று. இரண்டு நாளாக அது மனதில் கிடந்தது.

நேற்றுக் கடையில் ஒரு கலியாண வீட்டுக்காரருக்குச் சேலைகளை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அக்காவின் நம்பர். எடுத்தால் அங்கே குரல் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. வருத்தம் வந்த நாளிலிருந்து அத்தான் போனைக் காதில் வைத்ததில்லை. முகம் தெரியாமல், கையைக் காட்டாமல், வெறும் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு கதைப்பது அவருக்குப் பயம்.

நான் ஹலோ என்றுகூட மறுபடி சொல்லவில்லை. கலியாண வீட்டு அம்மா, "இந்த அரக்கு நிறத்தில வேற போடர் இருக்கோ?" என்று கேட்டார். கையைக் காட்டி, பொறுங்கோ என்றேன். முதலாளி காசு மேசையிலிருந்து எட்டிப் பார்த்தார். அவருக்கும் கையைக் காட்டினேன்.

"மச்... மச்சான்."

"ஓம்."

"அஞ்... அஞ்சாம் ரவுண்ட்." மூச்சு. மறுபடி மூச்சு. பின்னால் அக்கா ஏதோ சொல்ல வர, அவர் 'உஸ்' என்று அடக்குவது கேட்டது. "நான்... குனிஞ்சிட்டன். உன்ர வலது... மேலால... போயிட்டுது."

"இல்லை அத்தான்!" என்று கடைக்குள்ளேயே கத்தினேன். "அதை அண்டைக்கே சொல்லியிருக்க வேணும்! இப்ப ஏலாது!"

"ஏ... ஏலும்!" என்றார் அவர்.